எத்தனை கிலோ என்று கேட்டால் "இழுக்கும்" என்பது பதிலா?

"இழுக்கும்." இந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காரின் பின்னால் கொழுவிச் செல்ல ஒரு சிறிய பெட்டி வேண்டும், குடும்பத்தோடு இரவு தங்க வேண்டும், செய்து முடித்தால் எத்தனை கிலோ வரும் என்று கேட்கிறேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஒருவர்கூட ஒரு எண்ணைச் சொல்லவில்லை. "இழுக்கும் தம்பி, பயப்பட வேண்டாம்" என்கிறார்கள். பயத்தைப் பற்றியா கேட்டேன்? எடையைக் கேட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். ஆடி பிறந்தால் உகந்தை மலை முருகன் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்பார். பொத்துவில் தாண்டி, பாணமை தாண்டி அந்தக் காட்டோரத்தில் பாய் விரித்துப் படுத்தால் விடிய அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். கட்டில் உயரத்தில் ஒரு படுக்கை, பிள்ளைகள் இருவருக்கும் மேலே ஒரு தட்டு, பின்பக்கம் அடுப்பு வைக்க ஒரு பலகை. நான் கேட்டது அவ்வளவுதான். வெறும் பெட்டி 350 கிலோவைத் தாண்டக் கூடாது என்று தாளில் எழுதியே பட்டறையில் கொடுத்தேன்.

அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. என் கார் 1,100 கிலோ. ஜப்பானில் ஓடி முடித்து இறக்குமதியான கார் என்பதால் கையேடு முழுவதும் ஜப்பானிய மொழி. மருமகன் கைபேசியில் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்துப் பார்த்தான். எவ்வளவு இழுக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. ஆகவே மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். பிரிட்டனில், தனக்கென்று பிரேக் இல்லாத பெட்டி சுமையோடு 750 கிலோவையும் தாண்டக் கூடாது, இழுக்கும் வாகனத்தின் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. எது குறைவோ அதுதான் எல்லை. என் காருக்கு 550. தண்ணீர், காஸ் சிலிண்டர், சட்டி பானை, மெத்தை, உடுப்பு எல்லாவற்றுக்கும் 200 ஒதுக்கினால் மிஞ்சுவது 350. இதைப் புரிந்துகொள்ள நாலாம் வகுப்புக் கழித்தல் போதும்.

பட்டறையில் என்ன செய்தார்கள்? இரண்டு அங்குல இரும்புக் குழாயில் சட்டம். சுவர், தரை, தட்டு எல்லாம் 12 மில்லிமீற்றர் பிளைவூட். எட்டுக்கு நாலடித் தாள் ஒன்றே 20 கிலோவுக்குக் குறையாது, பத்துக்கு மேல் அடித்திருக்கிறார்கள். மெல்லிய அலுமினியத் தகடு போடுங்கள் என்று எத்தனை முறை சொன்னேன்! "அது நிற்காது, இது உறுதி" என்றார்கள். உழவு இயந்திரப் பெட்டி செய்து பழகிய கைகள் அவை. நெல் மூட்டையும் மணலும் ஏற்றும் பெட்டிக்கு அந்த உறுதி தேவை, இழுப்பது உழவு இயந்திரம், ஊர்ந்துதான் போகும். என் பெட்டியை இழுப்பது 1,500 சிசி கார். அதற்கு லொறியைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சட்டம். அதன் பின்பக்கத் தகட்டில் கொழுக்கியை ஒட்டிவிட்டு "இழுக்கும்" என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

முதல் ஓட்டம் களுவாஞ்சிக்குடியிலிருந்து தெற்கே. நல்ல வேளையாக வாகனத்தில் நான் மட்டும். கல்லாற்றுப் பக்கம் கடற்காற்று பக்கவாட்டில் அடித்தது, வேகம் 50. எதிரே பஸ் ஒன்று விலகிப் போன கணத்தில் பெட்டி வால் ஆட்டத் தொடங்கியது. இடம், வலம், மறுபடி இடம், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவது போல. பிரேக்கைத் தொடாமல் மிதியிலிருந்து காலை மட்டும் எடுத்தேன், மெல்ல அடங்கியது. வீட்டுக்கு 20 இல் ஊர்ந்து வந்தேன். அன்றிரவு நான் தூங்கவில்லை. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்திருந்தால் என்ற நினைப்பு விடவில்லை.

மறுநாள் குளியலறைத் தராசைச் செங்கல்லின் மேல் வைத்து, பெட்டியைக் காரோடு கொழுவும் முன்கையை அதில் இறக்கினேன். முள் 20 கிலோவில் நின்றது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொழுக்கியில் இறங்க வேண்டும் என்று அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 5 முதல் 7 போதும் என்பார்கள். எந்தக் கணக்கிலும் 20 கிலோ போதாது, முன்பக்கம் இலேசானால் பெட்டி வால் ஆட்டும். ஏன் என்று பார்த்தால், 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கியைச் சில்லு அச்சுக்குப் பின்னால், கடைசி மூலையில் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ. 100 கிலோ பின்னால் தொங்கினால் முன்கை மேலே கிளம்பாமல் என்ன செய்யும்? "குழாய் வைக்க அங்கேதான் வசதி" என்பது அவர்கள் தந்த விளக்கம்.

தாங்கியை வெறுமையாக்கிவிட்டு, நெல் ஆலையில் லொறி நிறுக்கும் தராசுக்குத் தெரிந்தவரின் லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். லொறியோடு ஒரு முறை, இறக்கிவிட்டு லொறியை மட்டும் ஒரு முறை. வித்தியாசம் 740. உள்ளே ஒரு பாய்கூட இல்லாமல் 740 கிலோ! கேட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

"கார் இழுத்துக்கொண்டுதானே போனது" என்று பட்டறையில் இன்னமும் சொல்கிறார்கள். இழுத்தது, யார் இல்லை என்றது? நிற்குமா? வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. பெட்டிக்குப் பிரேக் இல்லை, காரின் நாலு சில்லுகளே அத்தனையையும் பிடிக்க வேண்டும். உகந்தைப் பாதை சமதரை. நாளைக்குப் பிள்ளைகள் பதுளைக்குப் போவோம் என்றால் லுணுகலை, பசறை வளைவுகளில் இந்தப் பாரத்தோடு எப்படி இறங்குவேன்? பிரேக் சூடேறிக் கைவிட்டால் "இழுக்கும்" என்றவரா வந்து பிடிப்பார்?

அரிசிப் பையில் நிறை அச்சடித்திருக்கிறது, காஸ் சிலிண்டரின் கழுத்தில் வெற்று எடை இருக்கிறது. மனிதர் படுத்துறங்கிப் போகும் பெட்டியில் மட்டும் ஒரு எண்ணும் இல்லை. செய்பவர்கள் வெற்று எடையையும், எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் ஒரு தகட்டில் வெட்டி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? வாங்குகிறவர்களும் கேட்க வேண்டும். கதவின் பூவேலையையும் உள்விளக்கின் நிறத்தையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற நம்மவர்கள் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மீதி 60,000 ரூபாவை வாங்க நாளை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரட்டும். நெல் ஆலைச் சிட்டை இரண்டையும், நான் முதலில் 350 என்று எழுதிக் கொடுத்த தாளின் பிரதியையும் வாசலிலேயே எடுத்து வைத்திருக்கிறேன். பிளைவூட்டைக் கழற்றி, தாங்கியை அச்சுக்கு முன்னால் மாற்றி, மறுபடி அதே தராசில் ஏற்றிக் காட்டும் வரை ஒரு ரூபாகூட என் கையிலிருந்து போகாது.