இரட்சகரைப் பேசும்போது சிருஷ்டிகரை விட்டுவிடாதீர்கள்

இரட்சிப்பைப் பற்றிய நம் பிரசங்கங்களில் பெரும்பாலானவை ஆதியாகமம் 3-ல் தொடங்குகின்றன. மனிதன் விழுந்தான், தேவன் தம் குமாரனை அனுப்பினார், சிலுவையில் கிரயம் செலுத்தப்பட்டது, விசுவாசித்தால் பரலோகம். இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனால் முதல் இரண்டு அதிகாரங்கள் விடுபட்டுப்போகின்றன. அவற்றோடு கிறிஸ்து யார் என்பதிலும் பாதி விடுபட்டுப்போகிறது. கெட்டுப்போனதைச் சரிசெய்யப் பிற்பாடு வந்த ஒருவராக அவர் சுருங்கிவிடுகிறார். புதிய ஏற்பாடு அவரை அப்படி எங்கேயும் அறிமுகப்படுத்தவில்லை.

எபிரெயர் 1:3-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். சர்வத்தையும் தம்முடைய வல்லமையுள்ள வசனத்தினாலே தாங்குகிறவர்தான் நம்முடைய பாவங்களை நீக்கும் சுத்திகரிப்பை உண்டுபண்ணினார். இரண்டும் ஒரே வாக்கியத்தில், நடுவில் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல் வருகின்றன. யோவான் முதல் அதிகாரமும் இப்படித்தான். 3-ஆம் வசனத்தில் சகலத்தையும் உண்டாக்கினவர் 14-ஆம் வசனத்தில் மாம்சமாகிறார். இடையில் 10-ஆம் வசனம் நம்மைக் குத்துகிறது: உலகம் அவர் மூலமாய் உண்டாயிற்று, உலகமோ அவரை அறியவில்லை. பாவம் எவ்வளவு கொடியது என்று விளக்க இதைவிடக் கூர்மையான வசனம் எனக்குத் தெரியாது. தன்னை உண்டாக்கினவரே எதிரே வந்து நின்றபோதும் அடையாளம் தெரியாத நிலை அது.

இந்தப் பொருளுக்கு நடுமையம் கொலோசெயர் 1:15-20. ஆறே வசனங்கள். முதல் பாதி சிருஷ்டிப்பு, பின்பாதி ஒப்புரவாக்குதல். 16-ஆம் வசனத்தில் மூன்று உறவுகள் சொல்லப்படுகின்றன: அவருக்குள், அவரைக்கொண்டு, அவருக்கென்று. முதல் இரண்டையும் போதிக்கிறோம். மூன்றாவதைத் தாண்டிப் போய்விடுகிறோம். உலகம் அவருக்கென்று உண்டாக்கப்பட்டதானால், அதை மீட்பது உரியவர் தம்முடையதைத் திரும்பப் பெறுவது. அதனால்தான் 20-ஆம் வசனத்தில் "பூலோகத்திலுள்ளவைகள் பரலோகத்திலுள்ளவைகள் யாவையும்" என்று அதே அகலம் திரும்பவும் வருகிறது. படைத்த அளவுக்கே மீட்பின் அளவும் இருக்கிறது.

கொலோசெ சபைக்கு இதை எழுதக் காரணம் இருந்தது. இரண்டாம் அதிகாரத்தைப் பார்த்தால் தெரியும்: போஜனம், பானம், பண்டிகை நாள், மாதப்பிறப்பு, ஓய்வுநாள், தேவதூதர்களுக்கு ஆராதனை, "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்கிற கட்டளைகள். கிறிஸ்து பாவமன்னிப்புக்குப் போதும், மற்ற வல்லமைகளைச் சமாளிக்க வேறு ஏதோ வேண்டும் என்கிற பயம் இது. பவுல் அந்தப் பயத்தை வேரிலேயே வெட்டுகிறார். நீங்கள் அஞ்சுகிற துரைத்தனங்களும் அதிகாரங்களும் கிறிஸ்துவால் உண்டானவை. அவற்றைச் சிலுவையில் ஜெயித்து வெளியரங்கமான கோலமாக்கினார் என்று 2:15 சொல்கிறது. இன்றைக்கும் ஆவிகளுக்கும் நல்ல நேரம் கெட்ட நேரத்துக்கும் பயந்து வாழும் விசுவாசிக்குத் துணிவு வர, அவர் இவற்றையெல்லாம் உண்டாக்கினவர் என்பது தெரிய வேண்டும். மன்னிப்பை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் அந்தப் பயம் போகாது.

கொலோசெயர் 1:15-ல் வரும் "முந்தின பேறு" (முதலில் பிறந்தவர்) என்பதைப் பிடித்துக்கொண்டு, அவரும் ஒரு சிருஷ்டிதானே என்று கேட்பவர்கள் உண்டு. பதில் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டதானால், அந்தச் சகலத்தில் அவரே ஒருவராக இருக்க முடியாது. ஈசாயின் எட்டுக் குமாரரில் இளையவனான தாவீதை முதற்பேறானவனாக்குவேன் என்று சங்கீதம் 89:27 சொல்வதையும் காட்டுங்கள். அங்கே பேசப்படுவது உரிமையும் உயர்வும். இதற்குமேல் வாதம் வளர்க்கத் தேவையில்லை.

இந்தக் கேள்விதான் நான்காம் நூற்றாண்டில் சபையை உலுக்கியது. குமாரன் மிக உயர்ந்த சிருஷ்டி, ஆனாலும் சிருஷ்டிதான் என்றார் அலெக்சந்திரியா சபையின் மூப்பரான ஆரியுஸ். 325-ல் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் அதை மறுத்து, குமாரன் உண்டாக்கப்பட்டவரல்ல, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டது. இதை வெறும் தத்துவச் சண்டை என்று நினைப்பவர்கள் ஆரியுஸின் போதனையை எதிர்த்த அலெக்சந்திரியா பேராயர் அத்தனாசியுஸ் ஏன் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்று யோசிக்க வேண்டும். அவருக்கு அது இரட்சிப்பின் கேள்வி. பாவத்தால் மனிதனுக்குக் குற்றம் மட்டும் சேரவில்லை, அவன் அழிவுக்குள்ளும் போய்விட்டான். குற்றம் மட்டும் என்றால் மனந்திரும்புதல் போதும். அழிவை நிறுத்த, ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கினவரே வரவேண்டும். பலகையில் தீட்டிய உருவப்படம் கறைபட்டு அழிந்துபோனால், பலகையை எறிந்துவிடுவதில்லை; படத்துக்கு உரியவர் மறுபடியும் வந்து உட்கார, அதே பலகையில் சாயல் புதுப்பிக்கப்படுகிறது என்று அவர் விளக்கினார். கொலோசெயர் 3:10 சொல்வதும் இதுதான். புதிய மனுஷன் தன்னைச் சிருஷ்டித்தவருடைய சாயலுக்கு ஒப்பாய்ப் புதிதாக்கப்படுகிறான்.

எதிர்ப்பக்கத் தவறும் பழையதே. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர், படைத்த தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று பிரித்தார். இன்று அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் உலகம் எரிந்துபோகும் குப்பை, சரீரம் வெறும் கூடு, ஆத்துமா தப்பித்தால் போதும் என்று போதிக்கும்போதெல்லாம் நாம் அவர் பக்கமாகத்தான் சாய்கிறோம். சரீர மீட்புக்குக் காத்திருக்கிறோம் என்று ரோமர் 8:23 சொல்கிறதே! அதற்கு இரண்டு வசனம் முன்னால், சிருஷ்டியும் அழிவுக்குரிய அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்கிறது.

நடைமுறை வாழ்வுக்கு இது எப்படி உதவும் என்று கேட்டால் 1 கொரிந்தியர் 8-ஐக் காட்டுவேன். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பது அங்கே பிரச்சினை. சகலமும் ஒரே கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவின் மூலமாய் உண்டாயிற்று என்று 6-ஆம் வசனம் சொல்வதால் உணவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 11-ஆம் வசனத்தில், பலவீனமான சகோதரனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே என்கிறார் பவுல். அதனால் உரிமை இருந்தும் சாப்பிடாமல் இருக்கலாம். சிருஷ்டிப்பு சுதந்தரம் தருகிறது, சிலுவை அந்தச் சுதந்தரத்தை அன்புக்குக் கீழ்ப்படுத்துகிறது. ஒன்றை விட்டால் பயம் வரும், மற்றதை விட்டால் அகந்தை வரும்.

ஞானஸ்நான ஆயத்த வகுப்பு நடத்துபவர்களுக்கு என் யோசனை இது. முதல் வகுப்பில் விளக்கமே வேண்டாம். யோவான் 1:1-14, கொலோசெயர் 1:15-20, எபிரெயர் 1:1-3, 1 கொரிந்தியர் 8:6 ஆகிய 24 வசனங்களைச் சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். சகலமும், சர்வ, எல்லாம், யாவையும் என்று வரும் இடங்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். கொலோசெயர் பகுதியின் ஆறு வசனங்களில் ஒன்றுகூடக் கோடில்லாமல் தப்பாது. இரண்டாம் வகுப்பில் ஆதியாகமம் 1 முதல் 3 வரை. பாவத்தை இங்கேதான் பேச வேண்டும், முன்னால் இல்லை. மூன்றாவதில் சிலுவை. அதற்கு முழு நேரத்தையும் கொடுங்கள். சிருஷ்டிப்பை ஆர்வமாகப் போதிக்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். இயற்கையின் அழகை ரசிப்பதோடு நின்று, சமாதானம் அவர் சிலுவையில் சிந்தின இரத்தத்தினால் உண்டானது என்பதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். யாவையும் ஒப்புரவாக்கினார் என்பதால் எல்லாரும் தானாகவே இரட்சிக்கப்பட்டார்கள் என்ற முடிவுக்கும் யாராவது போவார்கள். அப்போது கொலோசெயர் 1:23-ஐ வாசியுங்கள், விசுவாசத்திலே நிலைத்திருப்பீர்களானால் என்கிற நிபந்தனை அங்கே இருக்கிறது.

நான்காவது வகுப்பு உயிர்த்தெழுதலுக்கு: 1 கொரிந்தியர் 15, ரோமர் 8:18-25, கடைசியாக பிலிப்பியர் 3:21. நம்முடைய அற்பமான சரீரத்தை மறுரூபப்படுத்தும் வல்லமையும், எல்லாவற்றையும் தமக்குக் கீழ்ப்படுத்துகிற வல்லமையும் ஒன்றே என்று அந்த வசனம் சொல்கிறது. அடக்க ஆராதனை நடத்துகிற போதகர்களும் இதே மூன்று பகுதிகளை எடுக்கலாம். ஆத்துமா போய்ச் சேர்ந்துவிட்டது என்பதோடு பேச்சை முடிக்காமல், குழிக்குள் இறக்கப்படும் அந்தச் சரீரத்தையும் உண்டாக்கினவர் அதற்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.