பேர் வைக்க முதல் ஒருக்கா வயலுக்கு வாங்கோ

ஞாயிற்றுக்கிழமை எங்கட நெல் வாங்கிற கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில நடந்தது இஞ்ச கனபேருக்குத் தெரியும், திருப்பிச் சொல்லேல்ல. மனேஜர் சொன்ன ஒரு வசனம்தான் இன்னும் மண்டைக்குள்ள நிக்குது. "வியாபாரியள் வயலுக்கே வந்து நெல் எடுக்கிறது சங்கத்துக்கு ஆபத்து." அதால இனிக் கிழமையில ரெண்டு நாள்தான் நெல் வாங்குவினமாம்.

ஆபத்து எண்டு பேர் வைக்க முதல் ஒரு கமக்காரனையாவது கேட்டனீங்களோ, ஏன் அவனுக்குக் குடுக்கிறாய் எண்டு?

போன காலபோகம் வெட்டுமெசின் இறங்கி ஒரு மணித்தியாலத்தில நெல் குவிஞ்சிட்டுது, எல்லாம் பச்சை நெல், காயப்போடக் களமில்ல, றோட்டுக்கரையில பரவினம். பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வர அம்மாவும் நானும் படங்கை இழுத்துக்கொண்டு ஓடினம். அடுத்தநாள் சங்கத்துக்குக் கொண்டுபோனா ஈரம் பாக்கிற மெசினில 17 வீதம் காட்டுது. 14க்கு மேல எடுக்கேலாது, திருப்பிக் கொண்டுபோ எண்டாச்சு. வியாபாரி மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சான்தான், ஆனா வரம்பில வச்சே காசை எண்ணித் தந்தான். அடைவில கிடந்த நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கேக்க வேற என்ன செய்யிறது?

வவுனியா வளாகத்தில முகாமைத்துவம் படிக்கேக்க 1987ல டட்டன், ஜாக்சன் எண்ட ரெண்டு முகாமைத்துவ ஆய்வாளர்கள் எழுதினதைப் படிச்சனாங்கள். ஒரு விசயத்துக்கு மேல இருக்கிறவை ஆபத்து எண்டு பேர் வைக்கினமோ வாய்ப்பு எண்டு வைக்கினமோ, அதுக்கேத்த மாதிரித்தான் பிறகு நிறுவனம் நடக்கும். பயந்த நிறுவனம் வெளியில கேக்கிறதைக் குறைக்கும், முடிவெல்லாத்தையும் மேல இழுக்கும், பழகினதையே திருப்பிச் செய்யும் எண்டு 1981லயே ஸ்டோ, சான்ட்லண்ட்ஸ், டட்டன் எண்ட மூண்டு பேர் எழுதிப்போட்டினம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாத்தது அதைத்தான். சனம் வியாபாரியிட்டப் போறது காயப்போட வழியில்லாமல். ஒரு களம் போட்டுத் தாங்கோ, சனம் தானா வரும்.

"காசுக்கு எங்க போறது" எண்டு கேப்பினம். நியாயமான கேள்விதான், ஈர நெல்லை வாங்கி அடுக்கினா பூஞ்சணம் பிடிச்சுச் சங்கம்தான் நட்டப்படும், அது எனக்கும் விளங்குது. அதுக்குத்தான் எங்களைக் கூப்பிட்டுக் கதையுங்கோ எண்டுறன், களத்துக்குச் சிரமதானம் செய்ய நாங்கள் வரமாட்டம் எண்டு ஆர் சொன்னது? "படிச்ச திமிர்" எண்டு கொமண்ட் போடுற ஆக்களுக்கு என்னட்டப் பதிலில்ல.

நான் சங்கத்துக்கு எதிரியில்ல. 2009ல முள்ளிவாய்க்கால் வரைக்கும் அப்பா பொலித்தீனில சுத்திக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது ரெண்டு சாமான், காணி உறுதியும் சங்கப் பங்குப் புத்தகமும். வியாபாரியிட லொறியில மூட்டை ஏத்தேக்க அந்த மனிசன் வெளியில வரேல்ல, உள்ளுக்க போய்ச் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திட்டார்.