எண்டோஸ்கோபி நார்மல் என்றால் முடிந்ததா?
மேல் வயிறு தொடர்ந்து வலித்தால் பெரும்பாலும் அல்சர்தான், காரத்தைக் குறைத்தால் போதும் என்று வயிற்று வலி பற்றிய ஒரு கட்டுரையில் ஒரே வரியில் முடித்திருப்பது சரியாகப் படவில்லை. காரம் இருக்கிற புண்ணை எரியவைக்கலாம், ஆனால் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் எச்.பைலோரி கிருமியும் மூட்டுவலிக்கு வருஷக்கணக்கில் போடும் வலி மாத்திரையும்தான். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2005இல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று, நாம் இன்னும் மிளகாயைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். என் அம்மாவுக்கு இது எதுவுமே காரணமில்லை. பூரி, வடை என்று எண்ணெய்ப் பண்டம் உள்ளே போன அன்று ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்து வலது தோள்பட்டை வரை இழுக்கும், குமட்டும், சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும், காலையில் எதுவும் நடக்காத மாதிரி காபி போட்டுக்கொண்டிருப்பார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி நார்மல். வயிற்று ஸ்கேனில்தான் பித்தப்பைக் கல் தெரிந்தது, ஏனென்றால் அந்தக் குழாய் இரைப்பைக்குள் பார்க்குமே தவிர பித்தப்பையைப் பார்க்காது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் தினமும் வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை போட்டால் போதும் என்கிறார். அதைப் போட்டுக்கொண்டே எச்.பைலோரி மூச்சுப் பரிசோதனைக்குப் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம், இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அப்புறம், சர்க்கரை நோய் உள்ளவருக்கு மேல் வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டினால் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் முதலில் இசிஜி எடுங்கள், அது மாரடைப்பாகவும் இருக்கலாம்.