மஞ்சள் எச்சரிக்கையும் 17 சதவீத ஈரப்பதமும்

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி வரை ஞாயிற்றுக்கிழமை மாலையானால் முகநூலில் ஒரே கேள்விதான்: நாளைக்குப் பள்ளி விடுமுறை உண்டா, இல்லையா? அடுத்த ஏழு நாள் வானிலை எப்படி இருக்கும் என்று இத்தனை பேர் ஆவலோடு தேடிப் படிக்கிறோம். படித்துவிட்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்னபடி பெய்தால் யாரும் வாய் திறப்பதில்லை. பெய்யாவிட்டால் மீம். 2024 அக்டோபரில் சென்னையில் நடந்தது மறந்திருக்காது. மழைக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். 15ஆம் தேதி நல்ல மழை. மறுநாள் கொட்டித் தீர்க்கும் என்று சிவப்பு எச்சரிக்கை இருந்தது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ சென்னைக்குச் சற்று வடக்கே விலகி, 17ஆம் தேதி அதிகாலை கரையைக் கடந்துபோனது. அவ்வளவுதான், வானிலை ஆய்வு மையத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். அடுத்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. புதுச்சேரி அருகே கரையேறிய புயல் நகர மறுத்து அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. பிறகு மெல்ல உள்ளே நகர்ந்து, கடலையே பார்க்காத ஊத்தங்கரையிலும் ஏறக்குறைய அதே அளவு கொட்டியது. வங்கக்கடலில் சுழல்வது ஐம்பது அறுபது கிலோமீட்டர் இப்படி அப்படி நகர்ந்தால் ஓர் ஊர் முழுகும், இன்னோர் ஊர் காயும். ஐந்து நாள் முன்னால் அந்த ஐம்பது கிலோமீட்டரை அடித்துச் சொல்ல இன்னும் யாராலும் முடியாது. ஆனால் டெல்டாவில் இந்த வாரம் மழை வலுக்கும், அடுத்த வாரம் ஓயும் என்கிற அளவுக்குப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். என் பேச்சு அந்த அளவைப் பற்றித்தான்.

அறிக்கையைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. ‘ஓரிரு இடங்களில்’ என்று போட்டால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது. எச்சரிக்கையின் நிறமோ மாவட்டம் முழுமைக்கும் ஒன்றுதான். திருவாரூர் மாவட்டத்துக்கு மஞ்சள் என்று வந்தால் வலங்கைமானுக்கும் மஞ்சள், முத்துப்பேட்டைக்கும் மஞ்சள். ஒன்றில் வாய்க்கால் தெறிக்கப் பெய்யும்போது மற்றதில் துணி காயலாம். கணக்கும் காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் எட்டரை மணி வரைக்கும்தான். செவ்வாய் இரவு பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில் வரும். இது தெரியாமல் சண்டை போடுகிறவர்களை வருடாவருடம் பார்க்கிறேன்.

இன்னொன்று, வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் கொட்டும். இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் குளிர்ந்த காற்று, கிழக்கே இருந்து வரும் ஈரக்காற்றோடு கரையை ஒட்டி மோதுவது அதற்கு ஒரு காரணம். பகலில் பளிச்சென்று வெயில் அடிக்கும், “எங்கே அய்யா உங்கள் மழை?” என்று கேட்போம். இரவு இரண்டு மணிக்குப் பதில் வரும்.

அந்த இரண்டு மணி மழை எங்கள் டெல்டா பக்கத்தில் எங்கே விழுகிறது தெரியுமா? சாலையில் கொட்டிக் கிடக்கிற குறுவை நெல்லின் மேல். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில். மழை தொடங்குவதும் அப்போதுதான். வயலில் ஈரம் இருந்தால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டி வேண்டும், வாடகை கூடுதல். அறுத்த நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதமானியில் ஒரு பிடி போட்டுப் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடுப்பார்கள். 19, 20 என்று காட்டினால், காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்பார்கள். எங்கே காயவைப்பது? களம் நிரம்பிவிட்டது. ஆகவே தார்ச்சாலையில் ஒரு ஓரமாகக் கொட்டி, காலால் கோடு இழுத்துக் கிளறிவிட்டுக்கொண்டே, மேற்கே கறுக்கிறதா கிழக்கே கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு நான்கு மூலையிலும் செங்கல் வைக்கிறோம். தண்ணீர் மேலிருந்து மட்டுமா வருகிறது? சாலையில் ஓடி அடியில் புகுந்துவிடுகிறது. இரண்டு நாள் விட்டுக் கையை உள்ளே விட்டால் நெல் சுடும். மூன்றாம் நாள் வெள்ளையாக முளை தெரியும்.

நிலையத்தில் எடுத்து மூட்டை பிடித்த நெல்லுக்கும் பெரிய கதி மோட்சமில்லை. 40 கிலோ மூட்டைகள் லாரி வரவில்லை என்று திறந்த வெளியிலேயே அட்டியாக, அடுக்கடுக்காக நிற்கும்.

பிறகு நடப்பதை எல்லோரும் அறிவோம். மழை பெய்து, நெல் நனைந்து, செய்தி வந்தபிறகு, ஈரப்பத வரம்பை 22 சதவீதமாக உயர்த்தக் கேட்டு மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வரும், மாதிரி எடுக்கும், போகும். உத்தரவு வருவதற்குள் நெல் பாதி வியாபாரி கைக்கு, அவர் சொன்ன விலைக்குப் போயிருக்கும். மழை வரும் வாரம் எது என்று முன்கூட்டியே தெரிந்த பிறகும் கடிதம் ஏன் மழைக்குப் பின்னால் ஓடுகிறது? வடகிழக்குப் பருவமழையின் வழக்கமான தொடக்கமே அக்டோபர் 20ஐ ஒட்டித்தான். இது ரகசியமா?

வடிகால் கதையும் இதேதான். மேட்டூர் திறப்பதற்கு முன் தூர்வாரினோம் என்று படம் போடுவார்கள். ஐப்பசியில் போய்ப் பார்த்தால் வடிகாலில் வெங்காயத்தாமரை கம்பளம் விரித்திருக்கும், கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு. நட்டு இருபது நாளான சம்பா, தாளடிப் பயிர் நாலைந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிப்போகும். மதகுப் பக்கத்தில் அடைத்திருக்கும் தாமரையை மட்டும் வாரிவிட ஒரு பொக்லைனுக்கு ஒரு நாள் போதும். முன்னறிவிப்பு மூன்று நாள் தருகிறது.

விவசாயிகளையும் விடப்போவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை வருகிறது, அடுத்த ஐந்து நாளுக்கு. மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். உரம் போடாதே, மருந்து அடிக்காதே, வடிகாலைத் திறந்து வை என்று அதில் இருக்கும். கனமழைக்கு முதல் நாள் யூரியாவைத் தூவிவிட்டு, அது அடுத்தவன் வயலுக்குப் போனபிறகு தலையில் கை வைக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கேட்டால், “யாரோ வாட்ஸ்அப்பில் மழை இல்லை என்று போட்டார்கள்” என்பார்கள். தன்னார்வ வானிலைப் பதிவர்களில் பொறுப்பாக எழுதுகிறவர்களை நானும் தினம் படிக்கிறேன். அவர்களை விட்டுவிட்டு, எட்டு நாளுக்கு முன்பே புயலுக்குப் பெயர் சூட்டுகிற சேனலைப் பகிர்கிறோம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த வாரம் மழை வலுக்கும் என்று வானிலை அறிக்கை வருகிற அன்றே மாவட்ட நிர்வாகம் இன்னோர் அறிக்கையும் தரட்டும். எந்தெந்த நிலையத்தில் எத்தனை மூட்டை வெளியில் நிற்கிறது, அதை ஏற்ற எத்தனை லாரி, எந்த வடிகாலில் அடைப்பு நீக்கியாகிவிட்டது, எதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கொள்முதல் உண்டா என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். பள்ளி விடுமுறை அறிவிப்பு அதற்குக் கீழே வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.