கிறிஸ்டியன் காலேஜ்ல நரம்பு பாடம் பத்தி ஒரு திருத்தம்

அண்ணே, கிறிஸ்டியன் காலேஜ்ல ஸுவாலஜி சேந்தா மூளை, நரம்பு பாடத்த வேதாகமத்த வச்சுதான் நடத்துவாங்க, நியூரான் (நரம்பு செல்) எல்லாம் மேலோட்டமா விட்டுருவாங்கன்னு மேல எழுதியிருக்கீங்க. அது சரியில்ல. பிள்ளைய சேக்க யோசிக்கிற யாரும் இத நம்பி பின்வாங்கிரக் கூடாதுன்னுதான் எழுதுதேன். நம்ம குமரி மாவட்டத்துல இணைப்புக் கல்லூரின்னா நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் யூனிவர்சிட்டி சிலபஸ்தான், நாகர்கோவில் ஸ்காட் மாதிரி தன்னாட்சி காலேஜ்னா அந்த காலேஜோட பாடத்திட்டக் குழுவே சிலபஸ் போடும், அதுலயும் யூனிவர்சிட்டி சார்பா ஒருத்தர் இருப்பாங்க. நானும் அப்படி ஒரு காலேஜ்லதான் படிச்சேன். நியூரான் சும்மா இருக்கும்போது அதோட உள்பக்கம் வெளிப்பக்கத்த விட சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட், தூண்டுனதும் சோடியம் உள்ள பாயும், பொறவு பொட்டாசியம் வெளிய போகும், இதெல்லாம் ரெக்கார்ட் நோட்டுல கிராஃபா வரைஞ்சோம், நரம்பு இழைய சுத்தியிருக்க மயலின் உறைக்கு நடுவுல வர்ற இடைவெளியான ரான்வியர் கணுவ வரையாம விட்டுட்டேன்னு மேடம் சிவப்பு மையில சுழிச்சு திரும்ப வரைய வச்சது இன்னும் மறக்கல. ஸ்கிரிப்சர் (வேதாகம) கிளாஸ் உண்டு, ஆனா அது தனி பீரியடு. சந்தேகம்னா நீங்க சொல்லுற காலேஜோட பிஎஸ்சி ஸுவாலஜி சிலபஸ வெப்சைட்ல எடுத்து, அனிமல் பிசியாலஜி பேப்பர்ல நரம்பு மண்டலம் வர்ற இடத்த பாருங்க, பழைய கொஸ்டின் பேப்பரையும் பக்கத்துல வச்சு பாத்துக்கிடுங்க.