விரல் மடக்கி எழுதிய ஹைக்கூ

ஆங்கிலத்தில் ஹைக்கூ (ஜப்பானியக் குறுங்கவிதை) எழுதிப் பழகுகிறேன் என்று இங்கே ஒருமுறை சொல்லிவைத்தேன். அதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான்: "5-7-5 சரியா வருதா, எண்ணிப் பார்த்தீங்களா?" மூன்று வரியில் ஐந்து, ஏழு, ஐந்து சிலபிள், அதாவது ஒலித்துண்டு, வரவேண்டும் என்கிற கணக்கு அது. எண்ணினேன். இரண்டு வருடம் விரலை மடக்கி மடக்கி எண்ணினேன். வீணாய்ப்போன இரண்டு வருடம் அது.

ஜப்பானியர்கள் எண்ணுவது சிலபிளையே அல்ல. அவர்கள் கணக்கு 'ஓன்' என்கிற ஒலியளவு. மாத்திரை தெரிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. டோக்கியோவை அவர்கள் நீட்டித்தான் சொல்வார்கள். தோ-ஓ-க்யோ-ஓ, ஆக நாலு. நம் மெய்க்கு அரை மாத்திரைதான், அவர்களுடைய 'ன்' மட்டும் முழுசாக ஒன்று வாங்கிக்கொள்ளும். இப்போது 'ஸ்ட்ரீட்' என்கிற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சிலபிள். ஜப்பானியர் வாயில் அதுவே சு-தொ-ரி-இ-தொ, ஐந்து. தெரு என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கு முதல் வரி தீர்ந்துவிட்டது!

அதே பதினேழை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் இடம் மிஞ்சிப்போகிறது. மிஞ்சின இடத்தை என்ன செய்வோம்? உரிச்சொல்லைப் போட்டு அடைப்போம். நான் அடைத்த லட்சணத்தைப் பாருங்கள் (தமிழெழுத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்):

தி ஓல்ட் சீலிங் ஃபேன்
ஸ்லோலி டர்னிங் இன் த ஹீட்
மேக்ஸ் எ லோன்லி சவுண்ட்

ஐந்து, ஏழு, ஐந்து. கணக்கு அச்சு அசல். ஒரு இணைய இதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: தனிமை ஃபேனுக்கா, உங்களுக்கா? இரண்டு நாள் கோபமாக இருந்தது. அப்புறம் ஒரு மே மாத இரவில் கரண்ட் போனது. இருட்டில் தலைக்கு மேலே ஃபேன் நிற்பதற்கு முன் கடைசியாகச் சுற்றுவது கேட்டது.

பவர் கட்
த சீலிங் ஃபேன்ஸ்
லாஸ்ட் த்ரீ டர்ன்ஸ்

எண்ணிப் பார்த்தால் பத்தே சிலபிள்தான். ஆனால் 'லோன்லி' போய்விட்டது. 'ஓல்ட்', 'ஸ்லோலி' எல்லாமே போய்விட்டன. வெக்கையைச் சொல்லவே இல்லை, இருந்தும் படிக்கிறவருக்கு வியர்க்கும் என்று நம்புகிறேன்.

முதல் வரிக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் அதற்கென்றே வெட்டுச்சொற்கள் உண்டு. ஜப்பானிய ஹைக்கூ மேதை பாஷோவின் தவளைக் கவிதையில் பழைய குளத்தைச் சொன்னதும் ஒரு 'யா' வருமே, அது அப்படி ஒரு சொல்தான். பெரிதாக அர்த்தம் கிடையாது. "இங்கே கொஞ்சம் நில்" என்பது மாதிரி. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை என்பதால் பலர் ஒரு கோடு போட்டுச் சமாளிக்கிறார்கள், சிலர் வரியை உடைப்பதோடு விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடங்களில் ஹைக்கூ என்றால் எண்ணிக்கையைத்தான் சொல்லித்தருகிறார்கள், இதைச் சொல்லித்தருவதில்லை. எண்ணிக்கைக்கு மார்க் போடுவது சுலபம், அதனால் இருக்கும்.

பாஷோவே எப்போதும் கணக்குப் பார்த்தவர் இல்லை. வாடிய கிளையில் காகம் உட்காரும் அந்தப் புகழ்பெற்ற கவிதையில் நடுப்பகுதி ஏழு அல்ல, ஒன்பது. மூன்று வரி என்பதும் மொழிபெயர்ப்பில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஜப்பானில் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரியாகத்தான் அச்சிடுவார்கள்.

இவ்வளவு பேசுகிறேன், ஆனால் ரிச்சர்ட் ரைட்டிடம் வந்தால் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காணும். அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர். 1960-இல் பாரிஸில் இறந்தார். அதற்கு முந்தைய மாதங்களில், உடம்புக்கு முடியாத நிலையில், நாலாயிரம் போல ஹைக்கூ எழுதினார். 5-7-5-ஐ இறுகப் பிடித்துக்கொண்டுதான் எழுதினார். அவரே தேர்ந்தெடுத்த 817 கவிதைகள் 1998-இல்தான் புத்தகமாக வந்தன. நன்றாக இருப்பவை அதில் நிறைய. சரி, நாலாயிரம் எழுதுகிறவர் எண்ணிக்கொள்ளட்டும்.

என்னை இன்னும் படுத்துவது பருவச்சொல், அதாவது கவிதை எந்தப் பருவத்தில் நடக்கிறது என்று காட்டும் சொல். ஜப்பானில் வெறும் 'நிலா' என்றாலே இலையுதிர்காலம், தவளை என்றால் வசந்தம். அதற்கென்று தனி அகராதிகளே வைத்திருக்கிறார்கள். நம்மூர் ஆட்கள் ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுத உட்கார்ந்தால் உடனே செர்ரிப் பூ பூக்கிறது, பனி கொட்டுகிறது. பனி கொட்டி வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்கள். (நானும் ஒன்று எழுதினேன். தேடாதீர்கள், அழித்துவிட்டேன்.) மின்வெட்டு பருவச்சொல் ஆகுமா என்று கேட்டால், எங்கள் தெருவில் ஆகும்.

இப்போதைய சண்டை ஆங்கில 'த' (the) பற்றி. ஜப்பானிய மொழியில் அப்படி ஒரு சங்கதியே கிடையாது, தமிழிலும் இல்லை. அதனால் ஆங்கிலத்தில் எழுதும்போது 'எ', 'த' எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டுத் தந்தி பாஷையில் எழுதத் தோன்றுகிறது. ஃபேன் கவிதையிலும் அதை எடுத்துவிடலாமா என்று முந்தாநாள் ராத்திரி வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள்: "எந்த ஃபேனு? நம்ம ஹால் ஃபேன்தானே? அப்ப இருக்கட்டும்."