அது பிறந்தநாள் இல்லை, ஆராதனை
ஜனவரியில் திருவையாற்றில் கர்நாடக இசை மேதை தியாகராஜர் பிறந்தநாள் விழா நடக்கிறது என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. அவர் பிறந்தது 1767 மே 4, திருவாரூரில். திருவையாற்றில் நடப்பது ஆராதனை. 1847இல் அவர் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்) திதியில் வருவது, அதனால்தான் தேதி வருஷா வருஷம் மாறுகிறது. சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன். காவிரியில் கால் நனைத்துவிட்டுப் பந்தலில் உட்கார்ந்தோம். அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தில் முதலாவதான நாட்டை ராகக் கீர்த்தனை எழுந்ததும் பக்கத்திலிருந்த பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரீராகம் வரை ஐந்தையும் புத்தகம் பார்க்காமல் பாடி முடித்துத்தான் கண்ணைத் திறந்தார். அப்புறம், ஒரு காலத்தில் பெண்கள் அங்கே பாடவே விடாதபோது அந்த உரிமைக்காகப் போராடி, தியாகராஜரின் சமாதிக் கோயிலையும் எழுப்பிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றி ஒரு வரியாவது சேருங்கள்.